எஸ்தரின் தாடை பூட்டிக்கொண்ட மழைக்காலம்

என் மனைவி எஸ்தரின் முகம் சிரிப்பதுபோல் இழுத்துக்கொண்டது. அதைப் பேய் என்றார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் மண்வீட்டின் சுவர் அடைமழையில் கரைந்து விழுந்தது. மழை விட்டதும் புதுச் சுவருக்கு மண் குழைத்தோம். எங்கள் பக்கத்தில் அது பெண்கள் வேலை. ஏரி மண்ணைக் குழியில் கொட்டி, வைக்கோலும் சாணமும் போட்டுக் காலால் மிதிப்பார்கள். பதம் வருமுன் குழியை விட்டு ஏறினால் மண் கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. எஸ்தரின் பாதத்தில் மூங்கில் சிராய் ஏறியது. கைக்கு வந்ததைப் பிடுங்கிப் போட்டாள். அதே சேற்றை அள்ளிப் புண்ணில் அடைத்துக்கொண்டு மிதித்தாள். ரத்தம் நின்றது. மறந்துவிட்டோம்.

சுவர் காய்வதற்குள் அவளுக்குக் கழுத்து பிடித்தது. வாயு என்றார்கள். மறுநாள் தாடை பூட்டிக்கொண்டது. களி உருண்டை உள்ளே போகவில்லை. சாயங்காலம் உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்து, பற்கள் தெரிந்தன. கண்ணில் நீர் வழிந்தது.

சபை மூப்பர் ஆட்களோடு வந்தார். எங்கள் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர்.

"பேய் சிரிக்குது பாரு. உடாதீங்க, இன்னும் பலமா பாடுங்க."

கஞ்சிரா அடித்தார்கள். கை தட்டினார்கள். எஸ்தரின் முதுகு வில்லாக வளைந்தது. குதிகாலும் பின்தலையும் மட்டுமே பாயில் பட்டன. "ஒல்லிக்குச்சியா இருந்துக்கினு இன்னா முறுக்கு முறுக்குறா" என்று ஒருவன் சிரித்தான். ஜெபித்த எண்ணெயை ஊற்றக் கரண்டியால் வாயை நெம்பினார்கள். முன்பல் இரண்டு உடைந்தன.

நான் மூலையில் முழங்காலிட்டிருந்தேன். 'ஆண்டவரே, இது என்னவென்று காட்டும்' என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. கண்ணை மூடாமல் அவளையே பார்த்தேன். பாட்டு ஓய்ந்தபோது முதுகு தாழ்ந்தது. கஞ்சிரா தட்டியதும் வளைந்தது. வாசலில் யாரோ குடத்தை வைத்த சத்தத்துக்கும் வளைந்தது. பேய்க்குக் குடத்தின்மேல் என்ன கோபம்?

எழுந்து கஞ்சிராவைப் பிடித்தேன்.

"நிறுத்துங்க ஐயா. சத்தம் கேட்டா இழுக்குது."

"ஜெபத்தையே நிறுத்தச் சொல்றியா? உன்னியும் புடிச்சிக்கினுச்சா தம்பி?"

"புடிச்சிருந்தா அப்பால எனக்கும் ஜெபம் பண்ணுங்க. இப்போ வண்டி கட்டுங்க."

மூப்பர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு வெளியே போய், மாடுகளின் கழுத்து மணிகளைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

ரயிலில் அவள் காதுகளைத் துணியால் அடைத்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "ஏதாவது குத்திச்சா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். எஸ்தரின் கண்கள் மட்டும் அசைந்து தன் பாதத்தைக் காட்டின. டாக்டர் ஆறிய தோலைக் கீறினார். கறுத்த சிராய்த் துண்டு சீழோடு வந்தது. ரண ஜன்னி, இங்கிலீஷில் டெட்டனஸ், மண்ணிலிருக்கும் கிருமி, மூடிய புண்ணுக்குள்தான் வளரும் என்றார். ஊசி போட்டு இருட்டறையில் கிடத்தினார்கள்.

அடுத்த கட்டிலில் ஆர்.கே.பேட்டை உழவர் ஒருவர். ஏர்க்கொழு காலைக் கிழித்திருந்தது. அவர் மனைவியும் தன் சாமியை அழுது கேட்டாள். அவர் இறந்தார். ஏன் அவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சாட்சி சொல்ல மாட்டேன்.

எஸ்தர் பிழைத்தாள். முதுகு முழுதாக நிமிரவில்லை. சபையில் மூப்பர் மன்னிப்புக் கேட்டபோது, "நெனவு தப்பவே இல்ல ஐயா. நீங்கல்லாம் பேசினது அத்தினியும் கேட்டுச்சி. கத்தணும்னு பாத்தேன், வாய் தொறக்கல" என்றாள். பிறகு, "பல்லு ரெண்டும் யாருகிட்ட கீது?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது எங்கள் பெண்கள் காலில் எது குத்தினாலும் குழியை விட்டு ஏறிவிடுகிறார்கள். மண் கெட்டால் கெடட்டும். அவளை எனக்குத் திருப்பித் தந்தவருக்கு ஸ்தோத்திரம்.

சகோதரரே, மழைச் சேற்றில் குத்திய புண்ணில் மண்ணோ சாணமோ வைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாடை இறுகினால் நொடியும் தாமதிக்காதீர்கள். நம்பி ஜெபியுங்கள், வண்டியில் ஏறிக்கொண்டு ஜெபியுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும். அவருக்குக் கேட்கும்.