கண்ணை மூடிக்கிட்ட சபை

என் கொழுந்தனுக்கு வாய் இருக்குங்கறதே சாப்பிடறப்பதான் தெரியும். அவனுக்காகப் பேசறதுக்குன்னே என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக்கிட்டு வந்தாங்களோ என்னவோ. "எங்கப்பா வலிக்குது?"ன்னு டாக்டர் கேட்டா, என் மூஞ்சியைப் பார்ப்பான். எனக்கா தெரியும்? ஆனாலும் சொல்வேன். பொண்ணு பார்க்கப் போன இடத்துலயும் நானே பேசி, நானே சிரிச்சேன். அந்தப் பொண்ணு இப்பவும் எனக்குச் சிநேகிதி. கல்யாணம்தான் நடக்கல.

அவனுக்கு வேலை சலவைக்கூடத்துல. ஒருநாள் வீட்டுச்சாவி கொடுக்கப் போனேன். உள்ள ஒரே நீராவி. கொடி கொடியா வெள்ளை விரிப்புகள் மெதுவா உப்பறதும் இறங்கறதுமா இருக்கு. யார் மூஞ்சியும் யாருக்கும் தெரியல. நடுவுல இவன் இஸ்திரி போட்டுக்கிட்டே பாடறான்! அடப்பாவி, வீட்டுல இருமறதுக்கே யோசிக்கிறவன்! கூப்பிட்டா பாட்டு நின்னுடும்னு, சாவியை வாசல்லயே வச்சிட்டு சத்தமில்லாம வந்துட்டேன்.

அது அவன் தேவாலயத்துல கேட்டுக் கத்துக்கிட்ட பாட்டு. அங்கத்து மேஜை விரிப்பைச் சனிக்கிழமைதோறும் இவன்தான் கொண்டுபோய் விரிக்கணும். ஒரு நிமிஷ வேலைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வருவான்.

"அங்க என்னடா பண்றே?"

"சும்மா உட்கார்ந்திருப்பேன் அண்ணி."

எங்க வீட்டுல சாமின்னு கையெடுக்கிற பழக்கமே கிடையாது. இவன் ஞாயித்துக்கிழமையும் போக ஆரம்பிச்சான். கதவோரம், கடைசி பெஞ்சு. யாராவது கைகுடுக்க வந்துடப் போறாங்களேன்னு கடைசிப் பாட்டுக்கு முன்னாடியே நழுவிடுவானாம்.

ஒரு காலைல, "அண்ணி, நான் ஞானஸ்நானம் எடுத்துக்கணும்"னான். எனக்கு இது வேணும்னு அவன் வாயைத் திறந்து கேட்டதே அதுதான் முதல் தடவை. ஆனா அந்தச் சபையில ஒரு வழக்கம். அதுக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் நின்னு, எப்படி விசுவாசத்துக்கு வந்தோம்னு சாட்சி சொல்லணும். போன தடவை இவன் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நேரா வெளியே போயிட்டானாம்.

"எனக்குப் பதிலா நீங்க சொல்லிடுங்க அண்ணி."

போதகர்கிட்டயே போய்க் கேட்டேன். "அதை மட்டும் அவரேதான் சொல்லணும்மா. ரெண்டு வார்த்தை போதும்"னுட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "வாய் பேசாதவங்களைச் சேர்த்துக்க மாட்டீங்களா?"ன்னேன். "சனிக்கிழமை அவர் தனியா பாடுறதைக் கேட்டிருக்கேம்மா"ன்னார். வீட்டுக்கு வந்து, "நீயேதான் சொல்லணுமாம்"னு அவன்கிட்டச் சொல்லிட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை, கடைசி பெஞ்சுல அவன் இடத்துல நான் உட்கார்ந்தேன். உயரமான ஜன்னல் வழியா வெயில் சரிஞ்சு விழுது, அதுல தூசி மிதக்குது. மைக்குக்கு முன்னாடி அவன் நிக்கிறான். பேச்சே இல்ல. பக்கத்து மேஜையில அவனே இஸ்திரி போட்ட விரிப்பு, அதைக் கசங்கறாப்ல பிடிச்சிருக்கான். இன்னிக்கும் ஓடிட்டான்னா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டான்னு எனக்குத் தெரியும். சரி, நாமளே சொல்லித் தொலைப்போம்னு பாதி எழுந்தும் விட்டேன்.

அப்பதான் முன்வரிசையில ஆர்கன் வாசிக்கிற டீச்சரம்மா, இவன் மௌனமா ஜெபம் பண்றான்னு நினைச்சு, தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்கிட்டாங்க. அவங்களைப் பார்த்துப் பக்கத்துல இருந்தவங்க. அப்புறம் வரிசை வரிசையா எல்லாத் தலையும் கவிழ்ந்தது, காத்து நின்னதும் விரிப்பு இறங்கற மாதிரி. போதகரும் மூடிட்டார். ஜெபம்னு நினைச்சுட்டா போதும், இவங்க லேசுல கண்ணைத் திறக்க மாட்டாங்க. அவ்வளவு பெரிய கூடத்துல முழிச்சுக்கிட்டு இருந்தது நாங்க ரெண்டு பேர்தான்.

அவன் சுத்திப் பார்த்தான். விரிப்பை விட்டான். நீராவிக்குள்ள பாடினானே, அந்த ஆளா ஆயிட்டான்.

"எனக்குப் பேச வராது. எங்க போனாலும் எப்ப கிளம்பலாம்னுதான் இருக்கும். இங்க தனியா உட்கார்ந்திருந்தேன். ஒருநாள், தனியா இல்லைன்னு தெரிஞ்சது. இயேசு என்னைப் பேசச் சொல்லல. கூட உட்கார்ந்திருந்தார். அன்னிலேருந்து கிளம்பணும்னு தோணல."

"ஆமென்"னு கூடமே சொல்லிச்சு. கண்ணைத் திறந்த பிறகுதான் அது சாட்சின்னு அவங்களுக்கே உறைச்சது. டீச்சரம்மாவுக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. நான் வெக்கமே இல்லாம அழுதேன்.

கடைசிப் பாட்டு ஆரம்பிச்சதும் வழக்கம்போல நழுவிடுவான்னு கதவுகிட்டப் போய் நின்னேன். வரல. பாட்டு முடிஞ்சு பார்த்தா, கூட்டத்துக்கு நடுவுல, காது வரைக்கும் சிவந்துபோய், வர்றவங்களுக்கெல்லாம் கைகுடுத்துக்கிட்டு நிக்கிறான்.

பஸ்ஸுக்கு நிக்கிறப்ப கேட்டேன், "எப்படிடா பேச்சு வந்தது?"

"நீங்க எழுந்தீங்கல்ல அண்ணி. எங்க நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயமாயிடுச்சு. அது என்னோடது அண்ணி."

பஸ்ல ரெண்டு டிக்கெட்னு அவனே கேட்டு வாங்கினான். வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குப் பேச்சே வரல.