என் மகள் உடைத்த ஓடுகள்

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஆவடியில். அப்போது நான் அங்கே ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். குவார்ட்டர்ஸில் மாடி வீடு, மனைவி, ஒரே மகள். மகளுக்கு எட்டு வயது முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது.

என் வேலை இயந்திரப் பாகங்களைச் சோதித்துப் பார்ப்பது. மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவேன். பாகங்களைச் செய்யும் ஷாப்பில் இருப்பவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஒரு பேர் இருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறகு செய்த காரியத்துக்கு இந்தத் தொழில்தான் உதவியது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் கராத்தே மோகம் பிடித்து ஆட்டியது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் காலைத் தூக்கி உதைக்கும் ஒரு ஆளின் படம் வரைந்திருக்கும். எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்திலும் வாரம் மூன்று நாள் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுபவர். திருமுல்லைவாயில்காரர், அதிகம் பேசமாட்டார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சாயங்காலம் சங்கு ஊதி நாங்கள் சைக்கிளில் வீடு திரும்பும்போது, வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. மஞ்சளில் ஆரம்பித்து, மூன்று வருடத்தில் பிரவுன் பெல்ட் வரை வந்துவிட்டாள். அடுத்தது கறுப்புதான்.

அம்பத்தூர்ப் பக்கம் வேறொரு வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கே கறுப்பு பெல்ட் கட்டிவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. எங்கள் பிரிவில் ஒருவர் தன் அக்கா மகன் கறுப்பு பெல்ட்டோடு நிற்கும் போட்டோவை கேன்டீனுக்குக் கொண்டுவந்து மேசை மேசையாகக் காட்டினார். பையன் நன்றாகத்தான் இருந்தான். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. பொறாமை என்பதைத் தவிர அதற்கு வேறு பேர் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். பிரவுன் பெல்ட் வாங்கிய பிள்ளைகள் மொத்தம் நான்கு பேர். அவர்களுக்குக் கறுப்பு எப்போது என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

“சார், பதினாறு வயசாவது ஆவணும் சார். சின்னப் புள்ளைங்களுக்கு எலும்பே இன்னும் முத்தாம கீது. இப்பவே கட்டி வுட்டா, நமக்கு எல்லாம் தெரியும்னு நென்ச்சுக்கும்.”

நான் விடவில்லை. எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதிய பிள்ளைக்கு வயது போதாது என்று மார்க்கைப் பிடித்து வைப்பீர்களா என்று கேட்டேன். கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இங்கே கிடைக்காவிட்டால் பிள்ளைகளை அம்பத்தூர் வகுப்பில் சேர்த்துவிடுவோம் என்றும் சொல்லிவைத்தேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு நிபந்தனையோடு வந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக கூரைக்குப் போடும் சீமை ஓடு இரண்டு வைப்பேன், கை விளிம்பால் ஒரே வெட்டில் உடைக்கிற பிள்ளைக்குக் கறுப்பு பெல்ட் என்றார். எங்களை எதிர்த்துப் பேச மனமில்லாமல், பிள்ளைகளால் முடியாத ஒன்றைச் சொன்னால் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததனால்தான் ஓடுகளை நானே கொண்டுவருகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

திருமழிசையில் பழைய கொட்டகை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பத்து ஓடு வாங்கி வந்தேன். ஒன்றை மொட்டை மாடியில் வைத்து நானே அடித்துப் பார்த்தேன். ஓடு அப்படியே இருந்தது, எனக்குத்தான் முழங்கை வரை விண்ணென்று தெறித்தது. என் மகளால் நடக்காத காரியம் என்று தெரிந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பான். நான் இன்ஸ்பெக்டர் அல்லவா, எங்கே விரிசல் இருந்தால் ஒரு பொருள் உடையும் என்று பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன். ஓட்டின் அடிப்பக்கத்தில், சரியாக நடுவில், இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடால் குறுக்கே முக்கால்வாசி ஆழத்துக்கு அறுத்தேன். செங்கல் பொடியைக் கஞ்சியில் குழைத்து அந்தக் கோட்டை அடைத்துக் காயவைத்தேன். என் பிள்ளையின் ஓடு மட்டும் உடைந்தால் சந்தேகம் வரும் என்று நான்கு பேருக்கான எட்டு ஓடுகளையும் அப்படியே செய்தேன். என்ன சத்தம் என்று மனைவி கேட்டாள். ஓட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டுகிறேன் என்றேன்.

தேர்வு அன்று ஓடுகளை சிமென்ட் கல்லின் மேல் எடுத்து வைத்ததும் நான்தான். யாரும் திருப்பிப் பார்த்துவிடக் கூடாதே. நான்கு பிள்ளைகளும் உடைத்தார்கள். என் மகள் கத்திக்கொண்டே கையை இறக்கியபோது ஓடு இரண்டும் பட்டென்று பிளந்து விழுந்தன. மைதானமே கை தட்டியது. மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான், அவர் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்தது. அவரே நான்கு பேருக்கும் பெல்ட் கட்டிவிட்டார். மறுநாள் கேன்டீனில் மேசை மேசையாகப் போனது என் மகளின் போட்டோ.

குற்ற உணர்ச்சி இருந்ததா என்று கேட்டால், இல்லை. சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது பின்னால் பிடித்துக்கொள்வது மாதிரிதானே என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் சைக்கிளில் அப்பா பிடித்திருக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்திருப்பதாக தொழிற்சாலை டைம் ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வலது கையை ஒரு மர ஸ்கேலோடு வைத்துக் கட்டியிருந்தார்கள். சுண்டுவிரலுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. நடந்ததை டீச்சர் சொன்னார். இவள் ஓடு உடைத்த கதையை வகுப்பில் யாரும் நம்பவில்லை. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் பழைய சீமை ஓடு கிடந்திருக்கிறது. செங்கல் மேல் இரண்டு ஓட்டை அடுக்கி, எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து அடித்திருக்கிறாள். உடையவில்லை. தான் சரியாக அடிக்கவில்லை என்று நினைத்து, இரண்டாம் தடவை இன்னும் ஓங்கி அடித்திருக்கிறாள். அந்த அடியில்தான் எலும்பு முறிந்தது.

அந்த இரண்டாவது அடிக்குக் காரணம் நான்தான்.

ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் என்றார்கள். எழுதுகிற கை. எலும்பு ஒழுங்காகக் கூடினால் பிரச்சினை இல்லை, மறுபடியும் அதே இடத்தில் அடிபட்டால் விரல் மடங்காமல் போகலாம், ஜாக்கிரதை என்று டாக்டர் சொன்னார். அப்போதாவது மகளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வலி குறையட்டும் என்று ஒரு வாரம் தள்ளினேன். பரீட்சை முடியட்டும் என்று இன்னொரு வாரம். தள்ளிப்போடுகிறவனுக்குக் காரணமா கிடைக்காது?

மாஸ்டர் ஒரு சாயங்காலம் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவள் கையின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பெற்றோர் கேட்டார்கள் என்று பெல்ட்டைக் கொடுத்தது தன் தப்பு, முடியவே முடியாது என்று நின்றிருக்க வேண்டும், இனி எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை என்றார். கேட்டுக்கொண்டிருந்த என் மகள் அவருக்குச் சமாதானம் சொன்னாள்.

“உங்க தப்பு இல்ல மாஸ்டர். நான்தான் பயிற்சி கம்மி பண்ணிட்டேன். கட்டு பிரிச்சதும் திரும்ப உடைச்சுக் காட்றேன்.”

சொன்னால் செய்கிற பெண் அவள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், ஓட்டை நான்தான் அறுத்தேன் என்று சொன்னேன். மொட்டை மாடி, ஆக்ஸா பிளேடு, செங்கல் பொடி எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவி, சுண்ணாம்பு என்று சொன்னதை நினைத்தாளோ என்னவோ, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எவ்வளவு ஆழம் அறுத்தீர்கள் என்று தொழில்காரனாகக் கேட்டார். சொன்னேன். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“அன்னிக்கு ஊட்டுக்குப் போயி என் சம்சாரத்தாண்ட சொன்னேன் சார். நாலு புள்ளைங்களும் ஒடச்சிட்டாங்க, நம்ம கிட்டயும் இன்னாமோ கீதுன்னு.”

அவர் சட்டையைப் பிடித்து அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

என் மகள் அழவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதையோ கணக்குப் போடுவதுபோல் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப மத்த மூணு பேரு ஓடும் அப்படித்தானாப்பா?”

ஆமாம் என்றேன்.

“அவங்ககிட்ட சொல்லணும்ப்பா. அவங்களும் அடிச்சுப் பாப்பாங்க.”

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. என் மகள், என் மானம், மாஸ்டரின் வகுப்பு, இந்த மூன்றோடு என் புத்தி நின்றுவிட்டது. இன்னும் மூன்று பிள்ளைகள் தங்களால் ஓடு உடைக்க முடியும் என்று நம்பிக்கொண்டு இதே குவார்ட்டர்ஸில் திரிகிறார்கள் என்பதைக் கை முறிந்த ஒரு குழந்தைதான் யோசித்தது.

அன்றைக்கே கிளம்பினோம். நான், மகள், மாஸ்டர் மூன்று பேரும். முதல் வீட்டில் அந்த அம்மா பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது வீட்டில் இருந்தவர் என் கூடவே வேலை பார்ப்பவர். ஊர் முழுக்க அடுத்தவன் வேலையில் ஓட்டை கண்டுபிடிப்பவர் நீங்கள்தானே என்று கேட்டார். மூன்றாவது வீட்டில் நான் சொன்னதை நம்பவே இல்லை. உன் பெண் கையை உடைத்துக்கொண்ட வயிற்றெரிச்சலில் என் மகன் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறாய் என்று பையனின் அப்பா கதவைச் சாத்தப் போனார். என் மகள் என் பக்கத்திலிருந்து நகர்ந்து கதவிடுக்கில் போய் நின்றாள். உள்ளே நின்ற பையனிடம் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “அடிச்சுப் பாக்காதடா. உடையாது. ரொம்ப வலிக்கும்” என்றாள். அவன் கட்டைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், தலையை ஆட்டினான். அவள் திரும்பி வந்து படி இறங்கிவிட்டாள்.

கை நன்றாகவே கூடியது. மாஸ்டர் இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வகுப்பைத் தொடங்கினார், என்னை மட்டும் மைதானத்துப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகள் தன் பழைய பிரவுன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போனாள். கறுப்பு பெல்ட் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் படிப்பு அதிகமாகிக் கராத்தேயை விட்டுவிட்டாள். நிஜமான கறுப்பு பெல்ட் அவள் வாங்கவே இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கறுப்பு பெல்ட் கொடுக்கலாமா என்று இப்போதும் சிலர் என்னிடம் வாதம் செய்வதுண்டு. நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன என்பார்கள், நான் அன்று மாஸ்டரிடம் பேசிய அதே பேச்சு. நான் வாதம் செய்வதில்லை. என் வீட்டில் அந்த பெல்ட்டைக் கேட்டவன் நான்தான், குழந்தை ஒரு நாளும் கேட்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

என் மகள் இப்போது கல்யாணமாகி, வேலைக்கும் போகிறாள். என் மேல் பிரியமாகத்தான் இருக்கிறாள், அன்று நடந்ததை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் பரீட்சை மார்க்கோ, அவள் வைத்த குழம்போ, வேலையில் கிடைத்த உயர்வோ, எதை நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், நிஜம்தானா என்பதுபோல் ஒரு கணம் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறாள். அவளுக்கு நான் கொடுத்ததில் அந்த ஒரு கணத்தைத்தான் என்னால் இன்றுவரை திரும்ப வாங்க முடியவில்லை.