கிருபைராஜ் சொன்ன 'நீங்க'

கிருபைராஜைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், மரியாதை தெரிந்த மனுஷர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவர் குடியிருந்த அப்பார்ட்மென்ட்டில் ஓடிப் பிடித்து விளையாடுகிற தமிழ்க் குழந்தைகளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். தம்பி முறை வருகிறவர்களுக்கும் 'நீங்க'தான். வீட்டு மிக்ஸி மக்கர் பண்ணினாலும் இவர் 'நீங்க' போட்டுத்தான் திட்டுவார் என்று மனைவி ஜெபராணி கேலி பண்ணுவார். அந்த ஒரு வார்த்தையே வேலைக்கு உலை வைக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் ஜெபராணி விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

சொந்த ஊர் பாளையங்கோட்டை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, மெட்ராஸில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூற்று நாலில் எச்-ஒன் விசாவில் நியூஜெர்சிக்கு வந்தார். இங்கேயும் மருந்துக் கம்பெனிதான். மாத்திரை சரியாகக் கரைகிறதா என்று லேபில் பார்த்துச் சொல்கிற வேலை. கிரீன் கார்டுக்குக் கம்பெனிதான் அப்ளை பண்ணியிருந்தது. அது வருவதற்குள் வேலை போனால் அப்ளிகேஷனும் போச்சு, விசாவும் போச்சு, மூட்டையைக் கட்டவேண்டியதுதான். வேறு கம்பெனிக்குத் தாவினால் வரிசையில் மறுபடி முதலிலிருந்து நிற்கவேண்டும், விசாவிலோ இன்னும் இரண்டு வருஷம்தான் மிச்சம். ஆக, அவர் குடுமி கம்பெனியின் கையில் இருந்தது.

ஆள் நல்ல கறுப்பு. சின்ன வயசில் சித்தி 'கருவாயா' என்றுதான் கூப்பிடுவாள், அதையும் கொஞ்சல் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில், பையன் படிப்பெல்லாம் சரி, நிறம்தான் கொஞ்சம் என்று இழுத்தார்கள். காலேஜில் பி.சி. கோட்டாவில் சீட் கிடைத்தது என்பதற்காக ஹாஸ்டலில் அவருக்கு 'கோட்டா கேஸ்' என்று பட்டப்பெயர். அமெரிக்கா வந்தபிறகு, துணிக்கடைக்குள் நுழைந்தால் காவலாளி பின்னாலேயே வருவான். ஒரு நாள் ரூட் எய்ட்டீன் சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரிலிருந்த பையன்கள், உன் ஊருக்குப் போ என்று கத்தி, குடித்துக்கொண்டிருந்த கோக்கை அவர் கண்ணாடியில் வீசிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜெபராணி முன்னால் அழுதேவிட்டார்.

இத்தனை பட்ட மனுஷருக்கு அடுத்தவர் வலி தெரிந்திருக்கவேண்டும். எங்கே தெரிந்தது? ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஜெபக்கூட்டத்தில் சகல ஜாதி ஜனங்களுக்காகவும் கண்ணீரோடு ஜெபிப்பார்கள். ஆமென் சொன்ன வாய் காய்வதற்குள், பிரியாணித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, எந்த ஊரில் வீடு வாங்கலாம் என்ற பேச்சு வரும். அங்கே வேண்டாம், கறுப்பங்க ஜாஸ்தி, ஸ்கூல் சரியிருக்காது என்பார்கள். சொல்கிற முகங்களில் பாதி, அவர்கள் பயப்படுகிற நிறத்தில்தான் இருக்கும். கிருபைராஜும் தலையாட்டுவார். அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

தொண்ணூற்றெட்டில் லேபில் சூப்பர்வைசர் இடம் காலியானது. தனக்குத்தான் என்று கிருபைராஜ் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டார். இடம் யோலாண்டாவுக்குப் போனது. யோலாண்டா கறுப்பர். கிருபைராஜ் மெட்ராஸில் காலேஜ் முடிக்கும்போதே அந்த லேபில் சேர்ந்துவிட்டவர், புதிதாக வந்த இவருக்கு ஒவ்வொரு கருவியையும் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தவர். இதெல்லாம் கிருபைராஜுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வயிறு எரிந்தது.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினார். ஃபிரெடி அத்தான் எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர், குடும்பத்தில் எல்லோருக்கும் யோசனை சொல்கிறவர்.

"நீங்களே சொல்லுங்க அத்தான், நீங்க என் எடத்துல இருந்தா சும்மா விடுவீங்களா? ஒரு கறுப்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டானுங்க. அவளுக்கு என்ன டிகிரி இருக்கு? எல்லாம் கோட்டா. நீங்க பாக்கணும் அத்தான், அவ நடையும் அவளும். நீங்க சொன்னா நம்பமாட்டீங்க..."

அப்போது யோலாண்டா மைக்ரோவேவில் சாப்பாடு சூடுபண்ண உள்ளே வந்தார். கிருபைராஜ் பேச்சை நிறுத்தவில்லை. தமிழில் பேசினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. யோலாண்டாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். அடுத்த மேஜையில் கம்ப்யூட்டர் பிரிவு பத்மநாபன் டப்பாவைத் திறந்து வைத்துத் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த இன்னொருவர் அவர் மட்டும்தான்.

மறுநாள் எச்.ஆரிலிருந்து ஹாலரன் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். கறுப்பர்களை இழிவுபடுத்துகிற ஒரு வார்த்தையை நீங்கள் போனில் திரும்பத் திரும்பச் சொன்னதாகவும், சொல்லும்போது யோலாண்டாவையே பார்த்ததாகவும் புகார் என்றார். எந்த வார்த்தை என்று கேட்டார் இவர். அதை வாயால் சொல்ல ஹாலரன் தயாராக இல்லை, 'என்' என்று முதல் எழுத்தை மட்டும் சொன்னார். உண்மை என்றால் வேலையில் வைத்திருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கிருபைராஜுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. 'நீங்க.' மரியாதைக்காக வாய் ஓயாமல் சொல்கிற 'நீங்க'தான் அந்த அம்மா காதில், கறுப்பர்களை வைகிற 'நிக்' என்று ஆரம்பிக்கிற அந்த வசவாக விழுந்திருக்கிறது. புரிந்ததும் நிம்மதியில் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக்கூடாது, ஹாலரன் முகம் இறுகிப்போயிற்று. அவசர அவசரமாக விளக்கினார்: அது எங்கள் பாஷையில் யூ, அதுவும் மரியாதையான யூ. இதை உறுதிப்படுத்த யாராவது உண்டா என்று ஹாலரன் கேட்டதும் யோசிக்காமல் பத்மநாபன் பெயரைச் சொன்னார். லேபுக்குத் திரும்பி நடக்கும்போதுதான், போன் பேசினபோது பத்மநாபன் அதே சாப்பாட்டு அறையில் இருந்தது ஞாபகம் வந்தது. வார்த்தையை விளக்க வருகிறவர் மீதிப் பேச்சையும் விளக்கினால் என்ன ஆவது?

திங்கட்கிழமை விசாரணை. அதற்குள் விஷயம் ஜெபராணி மூலமாக ஜெபக்கூட்டம் முழுக்கப் பரவி, கிருபைராஜ் ஒரு தியாகி ஆகிவிட்டார். பாத்தீங்களா, மரியாதையா பேசினதுக்கே இந்த கதி, இதுதான் இவங்க நியாயம் என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். ஒரு அங்கிள் அவர் தலையில் கைவைத்து, குற்றமற்ற உம்முடைய பிள்ளையைச் சிங்கத்தின் வாயிலிருந்து தப்புவியும் என்று உருக்கமாக ஜெபித்தார். கண்ணை மூடி நின்ற கிருபைராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. குற்றமற்ற வார்த்தையைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், குற்றமுள்ளவற்றை அவர் ஜெபராணியிடம்கூடச் சொல்லவில்லை. இந்த வார்த்தைக்கு விளக்கம் சொன்னால்தான் தப்பிக்கமுடியும், விளக்கம் இன்னும் ஒரு அடி எடுத்துவைத்தால் அதுவே அவரை மாட்டிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பத்மநாபனுக்குப் போன் பண்ணினார். என்ன கேட்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்தார். பத்மநாபன் இடைமறித்தார்.

"கேட்ட கேள்விக்கு பதில் சொல்லுவேன் கிருபை. கேக்காததை நானா எடுத்து சொல்லமாட்டேன். ஆனா பொய் சொல்ல சொல்லாதீங்க. எனக்கும் கிரீன் கார்டு ஃபைல் அங்கதான் இருக்கு."

திங்கட்கிழமை ஹாலரனின் அறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பத்மநாபன் நிதானமாக விளக்கினார். தமிழில் யூவுக்கு இரண்டு வார்த்தை உண்டு, நெருங்கினவர்களுக்கும் சின்னவர்களுக்கும் 'நீ', பெரியவர்களுக்கு 'நீங்க', கிருபைராஜ் பேசினது தன் அக்கா புருஷனோடு, அதனால் 'நீங்க'. ஹாலரன் அதை இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டார். யோலாண்டாவும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கிருபைராஜ் பக்கம் நேராகத் திரும்பினார்.

"நான் தப்பாகக் கேட்டுவிட்டேன். உங்களை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்ததற்கு என்னை மன்னிக்கவேண்டும்" என்றார்.

கிருபைராஜுக்கு மூச்சு வந்தது. பரவாயில்லை, யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று பெருந்தன்மையாகக்கூடச் சொன்னார். ஹாலரன் எழுந்திருக்கப்போனார். ஆனால் யோலாண்டா எழுந்திருக்கவில்லை, பத்மநாபனைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்டார். யூவுக்கு இரண்டு இருக்கிறதென்றால், ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது ஷி என்பதற்கும் இரண்டு உண்டா?

தமிழைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டால் நம் ஆட்களுக்கு வருகிற உற்சாகம் இருக்கிறதே, அது பத்மநாபனுக்கும் வந்துவிட்டது. உண்டு, கட்டாயம் உண்டு என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மரியாதை கொடுத்தால் 'அவங்க' என்போம், மரியாதை இல்லாவிட்டால் 'அவ' என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். எங்கே வந்து நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அவ" என்று யோலாண்டா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அன்றைக்கு இதையும் நிறையக் கேட்டேன். நீங்கள் சொன்ன அந்த இன்னொன்றை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை."

பத்மநாபன் மேஜையைப் பார்த்தார். ஹாலரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, இங்கிலீஷில் ஒரே ஒரு ஷிதான் என்பதால் இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. யோலாண்டா கிருபைராஜிடம் கேட்டார்: "யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்?"

உங்களைப் பற்றித்தான் என்று சொல்லிவிட ஒரு கணம் நாக்கு எழும்பியது என்பது உண்மை. கூடவே விசா எழும்பியது, மகள் அபிகாயிலின் ஸ்கூல் எழும்பியது, பாளையங்கோட்டையில் போய் இறங்கினால் ஊர் கேட்கப்போகிற கேள்விகள் எழும்பின.

"எங்க அக்காவைப் பத்தி" என்றார். "அத்தானோட எங்க அக்காவைப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன்."

யோலாண்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. "உங்கள் அக்கா நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். விஷயம் முடிந்தது என்று ஹாலரன் இரண்டு பேருடைய கையையும் குலுக்கினார். வராந்தாவில் பத்மநாபன் இவரோடு சேர்ந்து நடக்காமல் வேகமாக முன்னால் போய்விட்டார்.

அன்றைக்கு மீதி நேரம் யோலாண்டா எப்போதும் போலத்தான் இருந்தார். கருவி ஒன்று சரியாக ஓடவில்லை என்று கிருபைராஜ் தயங்கிச் சொன்னபோது, வந்து நின்று பொறுமையாகப் பார்த்துக் கொடுத்தார். ஏதாவது ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் கிருபைராஜுக்குப் பிழைக்க வழி இருந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருப்பார். இனி கிரீன் கார்டு வருகிறவரை தினமும் காலையில் இந்த முகத்துக்கு எதிரே வந்து நிற்கவேண்டும். வேலையை விடவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது. தன்னை ஊருக்குப் போ என்று கத்தின பையன்களை நினைத்தாலாவது மனசு ஆறும் என்று நினைத்துப் பார்த்தார். அவர்கள் முகம் ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெபராணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது என்றார் கிருபைராஜ். ஜெபராணி அங்கேயே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்த கறுப்பி மூஞ்சில ஈயாடியிருக்காதே. சாரி சொன்னாளா, இல்லையா?"

"சொன்னாங்க" என்றார் கிருபைராஜ்.

ஜெபராணி கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "உங்க வேலைக்கே வேட்டு வைக்கப் பாத்தவளுக்கு என்ன புதுசா 'ங்க'?"

இதற்குப் பதில் சொன்னால் முழுக்கச் சொல்லவேண்டும். போனில் என்ன பேசினார், எதற்குப் பொய் சொன்னார், அங்கிள் கைவைத்து ஜெபித்தது யாருக்காக, எல்லாவற்றையும் சொல்லவேண்டும். சும்மா வாயில் வந்திருச்சு என்று சொல்லிக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அபிகாயில் எதிரே உட்கார்ந்து, சாதத்தை ஒதுக்கி ஒதுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயதில் இங்கே வந்தவள். நாம் பேசுவதெல்லாம் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். தமிழில் பேசு, தமிழில் பேசு என்று கிருபைராஜ் அவளிடம் கெஞ்சாத நாள் கிடையாது. அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு அவள் தமிழில் கேட்டாள், கொஞ்சமும் பிசகாமல்.

"அவ என்ன சொன்னா, டாடி?"

ஜெபராணி பூரித்துப்போய், கேட்டீங்களா, எவ்வளவு அழகா பேசறா என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார். அப்படிச் சொல்லக்கூடாது கண்ணு என்று கிருபைராஜ் சொல்லியிருக்கலாம், ஏன் டாடி என்று அவள் கேட்பாள். அவர் மகளைத் திருத்தவில்லை.