நல்ல காலில் கட்டிய கட்டு

முட்டி ஆறிவிட்டது, இனி தாராளமாக ஆடலாம் என்று டாக்டர் சொன்னபோது, இன்னும் ஒரு மாதம் ஓய்வெடுக்கட்டுமா என்று கேட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில், கால்பந்தை நம்பி எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தவன் நான். வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் கிடந்திருந்தேன். தொழிற்சாலை அணிக்காகத் திரும்ப ஆடினால்தான் வேலை நிரந்தரம். ஆடாத ஆட்டக்காரனை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

கால் சரியாகத்தான் இருந்தது. மாடி ஏறினேன், சைக்கிள் மிதித்தேன். ஆனால் ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்க மட்டும் முடியவில்லை. தண்டையார்பேட்டையில் பஸ் நிற்கும்வரை காத்திருந்து இறங்குகிற இளவட்டம் எவன் இருந்தான்? கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, "இன்னா நைனா, கையப் புடிச்சு எறக்கி வுடணுமா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. மானம் போய் இறங்கினேன். வலிக்கிறது என்றால் மருந்து கேட்கலாம். பயமாக இருக்கிறது என்று எவனிடம் போய்ச் சொல்வது?

முதல் ஆட்டம் மீனவர் குப்பத்து அணியோடு வந்தது. எனக்கு ஆபரேஷன் ஆனது அவர்களுக்குத் தெரியும். எந்தக் காலில் என்று தெரியாது. என் மண்டையில் ஒரு மகா யோசனை உதித்தது. பேண்டேஜை நல்ல காலில், இடது முட்டியில், சுற்றிக்கொண்டால்? அடிக்கிறவன் அதைத்தானே அடிப்பான்! அடிப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குப்பத்துப் பசங்க முரடனுங்க என்று எங்கள் தெருவில் பேசக் கேட்டே வளர்ந்தவன் நான்.

வீட்டில் கட்டும்போது அம்மா பார்த்துவிட்டாள். "அய்ய, இன்னாடா, கால் மாத்திக் கட்டிகினு கீற?"

"உனுக்கு இன்னா தெரியும்? சும்மா இரும்மா" என்று எரிந்து விழுந்தேன்.

முதல் பாதி முழுக்கப் பந்துக்குப் பக்கத்தில் போவதுபோலப் போக்குக் காட்டியே தப்பித்தேன். பிறகு ஒரு பந்து நேராக என்னிடமே உருண்டு வந்தது. எதிரே என்னைவிடச் சின்னவனாக ஒரு குப்பத்துப் பையன், வெறுங்காலோடு ஓடி வந்தான். என் இடப்பக்கம்தான் அவனுக்குக் கிட்டே. ஆனாலும் வளைந்து வலப்பக்கம் வந்தான். பந்தை மறிக்க நீட்டிய என் வலது கால் பாதியில் தயங்கி, தரையில் விறைத்து நின்றது. அவன் தோள் இடித்தது. உடம்பு திரும்பியது; முட்டி திரும்பவில்லை. அதே இடத்தில் அதே 'டப்' சத்தம்.

மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் மாவுக்கட்டு. தொழிற்சாலையிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை அவ்வளவுதான் என்று புரிந்துபோயிற்று.

வந்தவன் அந்தக் குப்பத்துப் பையன்தான், சாத்துக்குடிப் பையோடு. வந்துட்டாரு தொரை, என்று மனசுக்குள் கறுவினேன். அம்மா முக்காலியை நகர்த்திப் போட்டாள். அவன் உட்காரவில்லை. என் மாவுக்கட்டைப் பார்த்தவன் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான்.

"சத்தியமா வேணும்னு பண்லணா. ஆபரேஷன் காலு, பாத்து ஆடுன்னு எங்க கேப்டன் சொல்லிகினே இருந்தாரு. அதாங்காட்டியும் கட்டுப் போட்ட காலாண்ட வராம, சுத்திகினு இந்தாண்ட வந்தேன். நல்லா கீற காலயும் ஒடச்சுட்டனேணா! இப்ப ரெண்டு காலும் போச்சே உனுக்கு!"

ஐயோ, பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. இது நல்ல கால் இல்லைடா, உன்மேல் தப்பே இல்லைடா என்று சொல்ல வேண்டியவன் நான். ஆனால் தூங்குகிறவன் மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"அழுவாத நைனா" என்ற அம்மாவின் குரல் கேட்டது. "இங்க வந்து பாரு."

என் இடது காலின் மேலிருந்த போர்வையை விலக்கினாள். அந்த முட்டியில் ஒரு தழும்பும் கிடையாது. அவன் அழுகை சட்டென்று நின்றது. நான் கண்ணைத் திறக்கவே இல்லை.