தம்பியின் நமஸ்காரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் தம்பிக்கு ஏழு மாதம் ஆனபோது, மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ஒரு பக்தன் அவதரித்துவிட்டதாக முடிவு செய்தார்கள். தூங்கி எழுந்ததும் அவன் தலை சட்டென்று குனியும். கைகள் இரண்டும் முன்னால் நீளும். ஒரு விநாடிதான். மறுபடி குனிவான். மறுபடியும்.

"பாருடா, கண்ணை முழிச்சதும் நமஸ்காரம் பண்றான்! பூர்வஜன்ம வாசனை" என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள்.

புது மாம்பலத்திலிருந்துகூட மாமிகள் பார்க்க வந்தார்கள். "எங்காத்துலயும் ஒண்ணு இருக்கே, கோயில்னா வயித்தை வலிக்கறதுங்கும்" என்று ஒரு மாமி பெருமூச்சு விட்டாள். தம்பியின் ஒவ்வொரு நமஸ்காரத்துக்கும் நான் பதில் நமஸ்காரம் செய்தேன். மரியாதை தெரிந்த பெண் நான்.

அம்மா மட்டும் ரசிக்கவில்லை. "நன்னா சிரிச்சிண்டிருந்தான். இப்போ என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறானே."

"ஞானிக்கு அம்மா ஏது, அப்பா ஏது?" என்றாள் அத்தை.

எங்கள் வீட்டில் சீக்குக்கு ஒரு நடைமுறை உண்டு. முதலில் திருஷ்டி, பிறகு வசம்பு, பிறகு விபூதி, அப்புறம் வைத்தியர். ஆஸ்பத்திரி கடைசி மேல்முறையீடு. பக்திக்கு அந்த நடைமுறையும் கிடையாது. ஆகவே ஒரு நாள் அத்தை குளிக்கப் போன சமயம் பார்த்து, அம்மா எங்கள் இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தம்பி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் அவனைத் தொடவில்லை; கேள்விதான் கேட்டார். தூங்கி எழுந்ததும்தான் வருகிறதா? ஒன்று வந்தால் வரிசையாக வருமா? முடிந்ததும் அழுகிறானா? எல்லாவற்றுக்கும் அம்மா தலையாட்டினாள். பார்க்காமலே சொல்கிறாரே, ஜோசியமும் படித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி விழித்தான். டாக்டர் அவன் கண்ணெதிரே சாவிக்கொத்தை ஆட்டினார். நான்தான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. பிறகு குனிந்தான்.

"டாக்டர் மாமா, உங்களுக்கும் நமஸ்காரம் பண்றான்!"

"இது நமஸ்காரம் இல்லேம்மா" என்று அவர் அம்மாவிடம் சொன்னார். "ஒரு மாதிரி வலிப்பு."

எனக்குக் கோபம் வந்தது. வலிப்பென்றால் தரையில் விழுந்து நுரை தள்ள வேண்டும். எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். இது தெரியாமல் என்ன டாக்டர்?

அம்மா அழவில்லை. "மருந்து குடுத்தா நிக்குமா?"

"கொறையலாம்."

"பழையபடி என்னைப் பாத்துச் சிரிப்பானா?"

டாக்டர் எழுந்து மூலைக்குப் போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டார், கழுவினார், மறுபடியும் போட்டார். இவ்வளவு சுத்தமான மனிதரா என்று எனக்குக் கோபம் தணிந்து மரியாதையே வந்துவிட்டது. அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். "இரும்மா, டாக்டர் மாமா இன்னும் பதில் சொல்லலையே!"