பதினான்கு பாட்டும் ஒரு அப்டேட்டும்

நான் மேக் கணினிகளுக்குச் சின்னச் சின்னச் செயலிகள் எழுதிப் பிழைக்கிறவன். ஆபீஸ் கிடையாது, மேலாளர் கிடையாது. பெங்களூர் தொம்மலூரில் எங்கள் வாடகை வீட்டுப் பால்கனியை ஒட்டிய அரை அறைதான் கம்பெனி. எழுதுவது, சோதிப்பது, விற்பது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது எல்லாம் நானே. ஆனாலும் பதில் மெயில்களில் ‘நாங்கள்’ என்றுதான் எழுதுவேன். ‘எங்கள் குழு உங்கள் பிரச்சினையைக் கவனித்துக்கொண்டிருக்கிறது’ என்று நான் தட்டுவதைப் பின்னாலிருந்து பார்த்தால், “குழு முதல்ல குளிச்சிட்டு வரட்டும்” என்பாள் என் மனைவி.

என் செயலிகளில் கொஞ்சம் நன்றாக ஓடுவது ஒன்றுதான். கணினியில் நீங்கள் எதைக் காப்பி செய்தாலும் அதைப் பட்டியலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். போன வாரம் காப்பி செய்ததைக்கூடத் தேடி எடுத்து ஒட்டலாம். நாளாக ஆகப் பட்டியல் நீண்டு, செயலி திறப்பதற்கே முனக ஆரம்பித்தது. சிலர் புகார் எழுதினார்கள். நான் என் கணினியில் இருந்த பட்டியலைத் திறந்து பார்த்தேன். காலாவதியான ஓடிபி, யாரோ அனுப்பிய லிங்க், மளிகைச் சாமான் பட்டியல், பாதியில் விட்ட வாக்கியங்கள். ஒரு மாதத்துக்கு முந்தைய குப்பை யாருக்கு வேண்டும் என்று முடிவு கட்டினேன். முப்பது நாளுக்கு மேலானதைத் தானாகவே அழித்துவிடும்படி மாற்றி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை புதிய பதிப்பை வெளியிட்டேன்.

தன் கணினியில் இருப்பதுதான் ஊரார் கணினியிலும் இருக்கும் என்று நினைப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு. வெள்ளிக்கிழமை வெளியிடுவது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு, வேலை முடிந்த சந்தோஷத்தில் பிரியாணி வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு மெயில். ‘அன்புள்ள குழுவினருக்கு’ என்று தொடங்கியது. விவேக் நகரில் கார்டு, பேனர் டிசைன் செய்யும் கடைக்காரர். லிங்கராஜபுரம் பக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் புத்தகம் தயார் செய்கிறாராம். பாட்டெல்லாம் என் செயலியில்தான் இருந்ததாம், காலையில் பார்த்தால் காணோமாம், மாலை ஐந்து மணிக்குப் பிரஸ்ஸில் கொடுத்தாக வேண்டுமாம். கீழே போன் நம்பர் இருந்தது. உடனே கூப்பிட்டேன்.

“சார், இனிமே எதையும் காப்பி பண்ணாதீங்க. அப்படியே விட்டுடுங்க.”

“காப்பி பண்ணாம எங்க வேலை எப்படி சார் ஓடும்? காலையிலேருந்து ரெண்டு கல்யாண கார்டு முடிச்சிட்டேன். உங்க ஆபீஸ் எங்க?”

“தொம்மலூர்.”

“இங்க பக்கத்துலதானே. டீம்லேருந்து யாரையாச்சும் அனுப்புங்க சார்.”

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு நானே கிளம்பினேன். ஈஜிபுரா சிக்னல் மூன்று முறை பச்சையாகியும் என் ஸ்கூட்டர் நகரவில்லை. கடையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தபோது, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பழைய மேக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அந்தக் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

“டீம் எங்க?” என்று வாசலை எட்டிப் பார்த்தார் கடைக்காரர்.

“நான்தாண்ணா.”

“மிச்சப் பேரு?”

“மிச்சப் பேரும் நான்தான்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா சிரித்துவிட்டார். “ஒருத்தராச்சும் வந்தாரே. உள்ள வாங்க தம்பி.”

பாடகர் குழுவினர் சீட்டில் எழுதிக் கொடுத்த பாட்டுகளை இரண்டு மாதம் முன்பே கடைக்காரர் டைப் செய்திருக்கிறார். ஒவ்வொன்றையும் டைப் செய்து, அக்காவிடம் திருத்தம் வாங்கி, மொத்தமாகக் காப்பி செய்துவிட்டு, சேவ் பண்ணாமல் மூடிவிடுவார். மொத்தம் பதினான்கு பாட்டு. சீட்டுகள் எல்லாம் அப்போதே குப்பைக்குப் போய்விட்டன.

“ஏண்ணா சேவ் பண்ணல?”

“எதுக்கு சார்? காப்பி பண்ணாலே உங்க ஆப் வச்சிக்குதே. அதுக்குத்தானே வாங்கினேன்.”

மூன்று வருடமாக அதை ஒரு பீரோ மாதிரி நம்பியிருக்கிறார். நான் சாவி வைத்திருக்கிற திமிரில் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று இருவரிடமும் சொன்னேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

நல்லவேளை, கணினியில் அழித்தது உடனே தொலைந்துவிடுவதில்லை. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அடியில் கிடக்கும். செயலி அவருடைய பட்டியலை வைத்திருந்த கோப்பை என் மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு துழாவ ஆரம்பித்தேன். பூப்புனித நீராட்டு விழா, முதல் நற்கருணை, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று விவேக் நகரின் நல்லது கெட்டது எல்லாம் மேலே வந்தன. மத்தியானத்துக்குள் பத்துப் பாட்டு முழுசாகக் கிடைத்தன. நான்கு பாட்டில் அங்கங்கே ஓட்டை. காலையில் அவர் முடித்த இரண்டு கல்யாண கார்டும் அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டன. ஒரு பாட்டில் மாதாவைப் புகழும் வரிக்கு நடுவில் மணமகனின் படிப்பும் வேலையும் வந்தன.

“இப்ப என்ன பண்றது?” என்றார் கடைக்காரர். முகம் வாடிவிட்டது. இந்த வேலை அவர் சொந்தக் கோயில் வேலை. போன வருடம் வேறு யாரோ செய்த புத்தகத்தில் பிழை மலிந்து கிடந்ததைப் பார்த்து, நான் செய்கிறேன் என்று பங்குச் சாமியாரிடம் அவராகவே கேட்டு வாங்கியிருக்கிறார்.

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “நான் பாடறேன். நீங்க டைப் பண்ணுங்க தம்பி.”

அப்படித்தான் அன்று மத்தியானம் போனது. நான் சேலத்துப் பிள்ளையார் கோயில் தெருவில் வளர்ந்தவன். மாதா பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. அக்கா ஒவ்வொரு வரியாகப் பாட, நான் தட்டினேன். மெதுவாகச் சொல்லுங்கள் என்றால் அவருக்கு வரி வராது, ராகத்தோடுதான் வரும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. நான்கில் ஒன்று கன்னடப் பாட்டு, அதை மட்டும் அவர் பாடக் கணவர் டைப் செய்தார். பேனர் வாங்க வந்த ஒருவர் பேனரை மறந்துவிட்டுத் தாளம் போட்டார். பக்கத்துப் பேக்கரியிலிருந்து, ஒன்றை இருவர் பங்கிட்டுக் குடிக்கும் ‘பை டூ’ டீ இரண்டு வந்தது. எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு சத்தமாக நான் எந்தப் பிழையையும் சரி செய்ததில்லை.

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கோப்பு பிரஸ்ஸுக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த முப்பது நாள் விதியைத் தூக்கிவிட்டு இன்னொரு பதிப்பை வெளியிட்டேன். இனிமேல் கேட்காமல் எதையும் அழிக்காது. இழந்ததை மீட்க உதவி வேண்டுவோர் எழுதவும் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். அதில் முதல்முறையாக ‘நான்’ என்று எழுதினேன்.

திருவிழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று கடைக்காரர் கூப்பிட்டிருந்தார். மாலைப் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் அவர் பக்கத்தில் நின்றேன். கையில் புதுப் புத்தகம், மை வாசனை இன்னும் போகவில்லை. முன்னால் அக்கா பாட, கோயிலே சேர்ந்து பாடியது. நானும் வரிமேல் விரல் வைத்துக்கொண்டு முணுமுணுத்தேன். நான்காவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் என் விரல் தடுமாறியது. எல்லோரும் பாடிய வரி புத்தகத்தில் இல்லை. நான் டைப் செய்த பாட்டுதான், ஒரு வரியை முழுசாக விழுங்கியிருக்கிறேன். காது மடல் சூடாகிவிட்டது.

“அண்ணா, ஒரு வரி விட்டுட்டேன்” என்றேன் அவர் காதில்.

“தெரியும் தம்பி. பிரஸ்லேருந்து வந்தப்பவே பாத்தேன்.”

“சொல்லவே இல்லியே?”

“எதுக்கு? நம்ம ஜனங்களுக்குக் கையில புக் இல்லேன்னா பாட்டு வராது. இருந்துச்சுன்னா பாக்கவே மாட்டாங்க.”

சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய கூட்டத்தில் புத்தகத்தைப் பார்த்துப் பாடியவன் நான் ஒருவன்தான்.