சனிக்கிழமை வந்த முருகன்

அப்பாவிடமிருந்து தினமும் போனில் ஒரு சாமி படம் வரும். திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் தட்சிணாமூர்த்தி, வெள்ளி அம்பாள், சனி பெருமாள். கீழே ஒரு ரோஜாப்பூவும் 'குட் மார்னிங்'கும் மின்னும். சென்னையில் அவருக்கு விடியும்போது சான்டா கிளாராவில் எனக்கு முந்தின நாள் சாயங்காலம். ஃப்ரீவேயில் வண்டி நகராமல் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் பெருமாள் வந்து குட் மார்னிங் சொல்வார். "அப்பா, இங்க இன்னும் வெள்ளிக்கிழமையே முடியலப்பா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "பெருமாளுக்கு ஏதும்மா டைம் ஜோன்?" என்பார். ஆனால் கிழமை மாற்றி ஒருநாளும் அனுப்பியதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூடத் தவறவில்லை.

போன கோடையில் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கும் வந்துவிட்டார். ஊருக்குப் போகும் வழியில் ஜப்பானில் இரண்டு நாள் இறங்க வேண்டும், அங்கே இருக்கிற வீடியோ கேம் மியூசியத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று என் பதினொரு வயது மகள் நச்சரித்து, ஆபரேஷனுக்கு முன்பே டிக்கெட் போட்டிருந்தோம். நேராகச் சென்னைக்கே போய்விடலாம் என்றேன். அப்பாதான் விடவில்லை. "குழந்தை ஆசைப்படுறா. ரெண்டு நாள்தானே? நான் எங்க போயிடப் போறேன்?" என்றார். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, விமானம் ஏறியதிலிருந்து அப்பா நினைப்பாகவே இருந்தது. அவர் முகத்தை ஒரு தரம் நேரில் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஜப்பானில், கியோட்டோ ஹோட்டலில் சனிக்கிழமை காலை போன் மினுங்கியது. அப்பாதான். திறந்தால், வேலும் மயிலுமாக முருகன்.

எனக்குச் சுருக்கென்றது. கலிஃபோர்னியாவிலிருந்து வரும்போது நடுவில் ஒரு நாள் காணாமல் போவது உண்மைதான். ஆனால் எந்தத் தேதிக் கோட்டைத் தாண்டினாலும் சனி செவ்வாயாகிவிடுமா? ஆபரேஷன் ஆன மனுஷன், கை தடுமாறியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"என்னங்க, இன்னைக்கு சனிதானே?" என்றேன்.

என் கணவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். திரும்பவே இல்லை. "வெகேஷன்ல எதுக்குக் கிழமையெல்லாம் பாத்துக்கிட்டு? கிளம்பு" என்றார். நான் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. என் கைப்பையைக்கூட அவரே தூக்கிக்கொண்டார். இந்த மனுஷன் காரணமில்லாமல் நல்லவராக நடந்தால் எனக்கு எப்போதுமே சந்தேகம் வரும்.

அம்மாவுக்கு போன் போட்டேன். எடுத்தது சித்தப்பா, அப்பாவின் தம்பி. பக்கத்துத் தெருவில் இருப்பவர். அந்த நேரத்துக்கு நடைப்பயிற்சியில் இருக்க வேண்டியவர்.

"அண்ணி குளிக்கிறாங்கம்மா. அண்ணன் தூங்குறார். மருந்து மயக்கம்."

"காலைல எனக்கு படம் அனுப்பியிருக்காரே?"

"ஆமாமா, அனுப்பிட்டுத்தான் படுத்தார். நீ சாப்டியாம்மா?"

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு இல்லை, நிறைய நாற்காலிகள். என்ன சத்தம் என்று கேட்டேன். எதிர் வீட்டில் ஏதோ விசேஷம் என்றார். "நீ சாப்டியாம்மா?" என்று மறுபடியும் கேட்டார். வைக்கும்போது மூன்றாவது முறையாகவும் கேட்டார். அமெரிக்காவின் இன்னொரு கோடியில், எடிசனில் இருக்கும் அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக்கோடு நின்றது. இருபத்து நாலு மணி நேரமும் போனும் கையுமாக இருக்கிற ஆள் அவன்.

தெருவில் ஈ காக்கா இல்லை. மியூசியத்துக்குப் போகிற ரயிலிலும் யாரும் பேசவில்லை. என் மகள் என்னை ஒட்டி உட்கார்ந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் நான் தோளைத் தொட்டாலே "அம்மா, stop" என்று நகர்ந்துவிடுகிற பெண். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

மியூசியத்தின் முதல் கூடம் முழுக்க இருட்டு. சுவரோரமாகப் பழைய விளையாட்டு இயந்திரங்கள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. யாரும் தொடாமலே திரைக்குள் ஆட்கள் ஓடினார்கள், குதித்தார்கள், செத்தார்கள், மறுபடி முதலிலிருந்து ஓடினார்கள். ஆள் வராதபோது அது தானே ஆடிக் காட்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கப் பிடிக்கவில்லை. மாதக் கணக்காக இதற்காக உயிரை வாங்கிய என் மகள் எதையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். கணவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

உள்ளே சின்னச் சின்ன அறைகள். பழைய காலத்து வீட்டுக் கூடம் போலவே செய்து வைத்திருந்தார்கள். பாய், தாழ்வான மேஜை, குண்டு டிவி, கீழே கேம் பெட்டி. நமக்குக் கொடுத்த நேரம் வரைக்கும் உட்கார்ந்து விளையாடலாம். எங்கள் அறைக்குள் போனால், எங்களுக்கு முன்னால் யாரோ பாதி ஆட்டத்தில், அப்படியே நிறுத்தி வைக்கிற 'பாஸ்' பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். திரையில் ஒரு குட்டி மனிதன் குதித்த வாக்கில் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தான். சத்தமே இல்லை.

இதே ஆட்டம் எங்கள் வீட்டில் இருந்தது. பர்மா பஜாரிலிருந்து அப்பா வாங்கி வந்த டூப்ளிகேட் பெட்டி. என்னைவிட அவருக்குத்தான் அதன் மேல் பைத்தியம். நடுவில் யாராவது வாசலில் கூப்பிட்டால் பாஸ் அழுத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். "வந்துடறேன். தொடாதே" என்பார். வீட்டில் அது சட்டம். அவர் திரும்பி வரும் வரை நான் அந்தரத்தில் நிற்கிறவனையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒருநாளும் தொட்டதில்லை.

இப்போதும் தொடவில்லை. பாயில் உட்கார்ந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"Amma, play" என்றாள் மகள்.

"யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்கடி. வருவாங்க. இரு."

அவள் என் பக்கத்தில் மண்டி போட்டாள். முகம் கோணிக்கொண்டு போனது. பிறந்ததிலிருந்து நான் தமிழில் கேட்க, இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் பெண். அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் வீட்டில் யாரைப் பற்றியும், எதைப் பற்றியும் அவள் எதிரிலேயே தமிழில் பேசிக்கொள்வோம்.

"அம்மா. தாத்தா செத்துப் போச்சு" என்றாள். "நேத்து நைட். அப்பா போன்ல சித்தப்பா தாத்தாகிட்ட பேசினாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாது சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சுது."

எனக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்தே தெரியும் என்றுதான் தோன்றியது. என் பெண் ராத்திரி முழுக்க இதைத் தனியாக மனசில் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாளே என்பதுதான் தாங்கவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மியூசியப் பெண் ஒருத்தி வந்தாள். குனிந்து வணங்கி, எங்கள் நேரம் முடிந்தது என்று சைகை காட்டிவிட்டு, கேம் பெட்டியின் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். தமிழில், தொண்டை கிழிய. அந்தப் பெண் பயந்து பின்வாங்கினாள். மன்னிப்புக் கேட்பவள் போல மறுபடியும் மறுபடியும் குனிந்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்? கொஞ்ச நேரம் பொறுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாக அழுத்தினாள். குட்டி மனிதன் போய்விட்டான். திரை கறுத்தது.

கணவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். மகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்கிட்டயே நடிச்சீங்களா?" என்றேன்.

"வேற டிக்கெட்டே கிடைக்கல. ராத்திரியெல்லாம் பாத்துட்டேன். நாளைக்கு நம்ம ஃப்ளைட்தான். தெரிஞ்சா ஒரு நாள் முழுக்க அந்த ரூம்ல உக்காந்து அழுவியேன்னு..." அவர் கண்களும் கலங்கியிருந்தன. "உங்க அண்ணன் கிளம்பிட்டார். ஐஸ் பெட்டில வச்சிருக்காங்க. நீ வந்து முகத்தைப் பாக்காம எடுக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லிட்டாங்க."

வெளியே வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். மகள் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். போனைத் திறந்து முருகனைப் பார்த்தேன். சித்தப்பா முருக பக்தர். அப்பாவின் போனை எடுத்து, நான் சந்தேகப்படக் கூடாதே என்று, தன் சாமியை அனுப்பியிருக்கிறார். அவருக்குக் கிழமையெல்லாம் எங்கே தெரியும்? கோபப்படத்தான் நினைத்தேன். என்னவோ வரவில்லை. அப்பாவின் நம்பருக்கே எழுதினேன்.

"சித்தப்பா, இன்னிக்கு சனிக்கிழமை. பெருமாள் படம் போடணும்."

இரண்டு டிக்கும் உடனே நீலமாயின. அப்பாவின் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. திரும்பவும் வந்தது. ரொம்ப நேரம் அப்படியே வருவதும் போவதுமாக இருந்தது.

பிறகு பெருமாள் வந்தார். கீழே ரோஜாப்பூவும் குட் மார்னிங்கும் மின்னிக்கொண்டிருந்தன.